கடலின் மேய்ச்சலும் பாசியின் நஞ்சும்

மிஞ்சியிருக்கும் பச்சை

பவளத்திட்டு ஒன்றின் மேல் பகல் வேளையில் நீந்திப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது மீன்களின் பெருக்கமே. கிளிமீன்கள் பாறையை ஓயாமல் சுரண்டுகின்றன. ஓரா மீன்கள் கூட்டமாக வந்து கொறித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கின்றன. இடுக்குகளில் பகலைக் கழித்த கடல் முள்ளெலிகள் இருட்டியபின் வெளிவந்து எஞ்சியதை மேய்கின்றன. இத்தனை வாய்களுக்கு நடுவே, ஓடவோ ஒளியவோ இயலாமல், முள்ளும் மரப்பட்டையும் இல்லாமல், மெல்லிய தகடாகவும் நாராகவும் அசைந்துகொண்டிருக்கும் கடற்பாசி ஏன் இன்னும் தின்று தீர்க்கப்படவில்லை என்ற வினா எவருக்கும் எழக்கூடியதே.

பெரும்பகுதி தின்னப்பட்டுத்தான் போகிறது என்பதே இதற்குச் சொல்ல வேண்டிய முதல் பதில். பவளத்திட்டில் ஒரு சிறு பரப்பைக் கம்பிவலைக் கூண்டால் மூடி, மீன்கள் நுழையாமல் தடுத்தால், சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் மென்மையான பாசிகள் அடர்ந்துவிடும். கூண்டை எடுத்தவுடன் மீன்கள் வந்து அவற்றை விரைவில் மேய்ந்து தீர்த்துவிடும். ஆனால் அதே திட்டில், கூண்டின் உதவி எதுவுமின்றி, மீன்கள் வந்து போகும் வழியிலேயே சில பாசிகள் நாள்தோறும் நின்றுகொண்டிருக்கின்றன. ஆகவே வினாவைச் சற்றே குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது: வெட்டவெளியில் நிற்கும் இந்தச் சில இனங்களிடம், கூண்டுக்குள் மட்டுமே தழைக்க முடிந்த மற்றவற்றிடம் இல்லாத எது இருக்கிறது?

பாசிகளின் சரக்கு

பாசியின் உடலில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை அது உயிர்வாழவும் வளரவும் நேரடியாகத் தேவைப்படுபவை. அவற்றைத் தவிர, வளர்ச்சிக்கு நேரடிப் பயன் இல்லாததுபோல் தோன்றும் வேறு சில சேர்மங்களையும் அது செலவு செய்து தயாரிக்கிறது. இவற்றுள் மேயும் உயிர்களைத் தயங்க வைப்பவற்றை இந்நூல் மேய்ச்சல் தடைப்பொருள்கள் என்று குறிப்பிடும். இவை தின்றவரைக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; ஒரு கடியோடு துப்ப வைத்தாலே பாசிக்குப் போதுமானது.

பாசிகளின் மூன்று பெரும் பிரிவுகளும் இந்த வேலையை வெவ்வேறு சரக்கைக் கொண்டு செய்கின்றன. பழுப்புப் பாசிகளில் பல ஃபுளோரோடானின் எனப்படும் பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. கடுக்காயிலும் தேயிலையிலும் துவர்ப்பைத் தரும் டானின்களைப் போலவே புரதங்களைப் பற்றிக்கொள்ளும் தன்மை இவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்ற பெயரில் சேகரிக்கப்படும் சர்காசம் இவ்வகைப் பழுப்புப் பாசியே. சிவப்புப் பாசிகளில் சில, கடல்நீரில் கரைந்துள்ள குளோரினையும் புரோமினையும் எடுத்துக் கரிமச் சேர்மங்களோடு பிணைக்கின்றன. நிலத் தாவரங்களில் இது மிக அரிது. பச்சைப் பாசிகள் பலவற்றில் டெர்பீன்கள் என்னும் எண்ணெய்த்தன்மை கொண்ட சேர்மங்கள் இடம்பெறுகின்றன.

விதிவிலக்கானதும் உண்டு. குளிர்க்கடல்களில் வளரும் டெஸ்மரெஸ்டியா என்ற பழுப்புப் பாசியின் சில இனங்கள் தம் உயிரணுக்களுக்குள் கந்தக அமிலத்தையே தேக்கி வைத்திருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றைவிட வலிமையான அந்த அமிலம், பாசியைப் பிடுங்கிய சிறிது நேரத்தில் கசியத் தொடங்கி, ஒரே பையில் போடப்பட்ட மற்றப் பாசிகளையும் நிறமிழக்கச் செய்து குழைத்துவிடுகிறது. மாதிரிகள் சேகரிப்போர் இதற்கென்று தனிப் பை வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஹாலிமீடாவின் ஓர் இரவு

பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைவிட ஒரே ஒரு பாசியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது கூடுதல் பயன் தரும். வெப்பக்கடல்களின் பவளத்திட்டுகளிலும், அவற்றுள் ஒன்றான மன்னார் வளைகுடாவிலும் வளரும் ஹாலிமீடா என்ற பச்சைப் பாசி அதற்கு மிகவும் பொருத்தமானது. சிறு பச்சை வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மெல்லிய கணுக்களால் கோக்கப்பட்டுக் கிளைத்து நிற்பதே இதன் உருவம். ஒவ்வொரு வில்லைக்குள்ளும் சுண்ணாம்பு படிந்திருப்பதால், விரலில் எடுத்து மடக்கினால் கணு வளையும், வில்லையோ வளையாமல் நொறுங்கும். பாசி இறந்தபின் வெளிறி உதிரும் இந்த வில்லைகள், பல பவளத்தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு வகிக்கின்றன.

ஹாலிமீடாவின் உடலில் உயிரணுக்களைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் இல்லை. எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட நுண்குழாய்கள் பின்னிப் பிணைந்ததே அதன் உடல் முழுவதும் என்பதால், ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பசுங்கணிகங்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்திவிட அதனால் முடிகிறது. இந்த வசதியை அது பயன்படுத்திக்கொள்ளும் விதத்தை மார்க் ஹே, வலேரி பால் முதலிய ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினர். ஹாலிமீடா தன் புதிய வில்லைகளைப் பெரும்பாலும் இரவில்தான் விடுகிறது. கிளையின் நுனியில் பால்வெள்ளை நிறத்தில் அரும்பும் புது வில்லை, இரவு முழுவதும் நிறமின்றியே பெரிதாகி, விடிவதற்குச் சற்று முன்பு கீழிருந்து வந்து நிறையும் பசுங்கணிகங்களால் பச்சையாகிறது. கண்ணால் பார்த்து மேயும் பவளத்திட்டு மீன்கள் அந்த நேரத்தில் இடுக்குகளில் உறங்கிக்கொண்டிருக்கும். ஒளி இல்லாத வேளையில் பசுங்கணிகங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அவற்றிலோ விலைமதிப்புள்ள நைட்ரஜன் நிறைந்திருக்கிறது. வேலை இல்லாத பொழுதில் அவற்றைப் பாதுகாப்பற்ற நுனிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது, கணக்குப் பார்த்துச் செய்தது போலவே தோன்றுகிறது.

இரவில் மீன்கள் உறங்கினாலும் முள்ளெலிகள் உறங்குவதில்லை. விடிந்தபின் மீன்களும் வந்துவிடும். அப்போது புது வில்லையில் சுண்ணாம்பு ஏறியிருக்காது. அது மென்மையாகவும் பழைய வில்லைகளைவிடச் சத்து மிகுந்ததாகவும் இருக்கும். இந்த இடைவெளியை அடைப்பது நஞ்சு. ஹாலிமீடா தயாரிக்கும் டெர்பீன் வகைத் தடைப்பொருள்கள் இளம் வில்லைகளில்தான் மிகுந்த செறிவில் காணப்படுகின்றன. ஏறத்தாழ 48 மணி நேரம் கடப்பதற்குள் சுண்ணாம்பு படிந்து வில்லை இறுகிவிடுகிறது, அதன் சத்தும் குறைந்துவிடுகிறது. அதன்பின் அதைக் கடிப்பவருக்கு வாய் நிறையச் சுண்ணாம்பும் சிறிதளவு உணவுமே மிஞ்சும்.

கடித்த பின் உருவாகும் காரம்

ஹாலிமீடாவின் நஞ்சிலேயே இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. வலேரி பாலும் வில்லியம் ஃபெனிக்கலும் 1983இல் இந்தப் பாசியிலிருந்து ஹாலிமீடாட்ரையால் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து, மீன்களைத் தடுக்கும் அதன் ஆற்றலை வெளிப்படுத்தினர். ஆனால் காயப்படாத பாசியில் நிறைந்திருப்பது அந்தச் சேர்மம் அன்று. அதற்கு முன்னோடியான, ஆற்றல் குறைந்த ஹாலிமீடாடெட்ராஅசிட்டேட் என்ற வேறொரு சேர்மம். வில்லை நசுங்கிய சில நொடிகளுக்குள் முன்னோடிப் பொருள் சிதைந்து, வலிமை மிக்க ஹாலிமீடாட்ரையாலாக மாறுகிறது என்பதைப் பாலும் கேத்ரின் வான் ஆல்ஸ்டைனும் 1992இல் நிறுவினர். முழு வெங்காயம் கண்ணைக் கரிப்பதில்லை. கத்தி பட்டு உள்ளறைகள் உடைந்து, பிரிந்திருந்த பொருள்கள் கலந்த பிறகுதான் கண்ணீர் வரவழைக்கும் ஆவி பிறக்கிறது. ஹாலிமீடாவிலும் நிகழ்வது இதே வகையான ஏற்பாடு.

வலிமை மிக்க பொருளை ஏன் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். எதிரே படும் புரதங்களோடு எளிதில் வினைபுரியும் ஒரு சேர்மத்தை உடலெங்கும் நிரப்பிக்கொண்டால், முதலில் கெடுவது அதைச் சுமக்கும் பாசியின் சொந்தப் புரதங்களாகவே இருக்கும். சாதுவான வடிவில் வைத்திருந்து, காயம் பட்ட இடத்தில் மட்டும், காயம் பட்ட நொடியில் மட்டும் அதைக் கூர்மையாக்குவது அந்த ஆபத்தைத் தவிர்க்கிறது.

நஞ்சு என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு பாசியில் விந்தையான சேர்மம் இருக்கிறது, அந்தப் பாசியை மீன்கள் தொடுவதில்லை என்ற இரண்டு செய்திகளிலிருந்து, மீன்களைத் தடுப்பது அந்தச் சேர்மமே என்ற முடிவுக்குத் தாவிவிட முடியாது. தடுப்பது சுண்ணாம்பாகவும் இருக்கலாம், நாரின் கடினமாகவும் இருக்கலாம். இந்தத் துறையின் தொடக்ககால ஆய்வுகளில் சில, சேர்மத்தின் அமைப்பை வரைந்து காட்டிய கையோடு அதன் வேலை இதுவே என்று ஊகித்து எழுதிவிட்டன. கடலில் வைத்துச் சோதிக்கும் முறை பரவிய பிறகே ஊகம் அறிவாக மாறியது.

சோதனை எளிமையானது. மீன்கள் விரும்பி உண்ணும் பாசியை உலர்த்திப் பொடித்து, வெந்நீரில் கரைத்த அகர் அகரோடு கலந்து, ஜன்னலில் கொசுவுக்கு அடிக்கும் வலைத்துணியின் மேல் ஊற்றி உறைய விடுகிறார்கள். ஒரு கலவையில் சோதிக்க வேண்டிய சேர்மம், பாசியில் இயல்பாக உள்ள அதே செறிவில் சேர்க்கப்படும், மற்றொன்றில் சேர்க்கப்படாது. இரண்டையும் அருகருகே கயிற்றில் கட்டிப் பவளத்திட்டில் தொங்கவிட்டு, சிறிது நேரம் கழித்து எடுத்து, வலையின் எத்தனை கட்டங்கள் காலியாகியிருக்கின்றன என்று எண்ணினால் போதும். சுண்ணாம்பும் இல்லை, நாரும் இல்லை. இரண்டு கூழ்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு சேர்மமே. கூழை உறைய வைக்கும் அகர் அகரும் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கப்படுவதுதான் என்பதை இடையில் குறிப்பிடலாம்.

இவ்வகைச் சோதனைகள் ஹாலிமீடாவின் நஞ்சு மீன்களைத் தடுக்கிறது என்பதை உறுதிசெய்தன. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவை காட்டின. ஒரு மீனைத் தடுக்கும் சேர்மம் அடுத்த மீனைத் தடுக்காமல் போவது அடிக்கடி நிகழ்கிறது. பவளப் பாறையைச் சுரண்டி நாள் முழுவதும் சுண்ணாம்பை விழுங்கும் கிளிமீன், உணவில் கலந்த சுண்ணாம்பைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சில மீன்களுக்கோ அதே சுண்ணாம்பு போதுமான தடையாகிவிடுகிறது. ஒரு பாசி நஞ்சுடையதா என்ற கேள்விக்கு, யார் வாய்க்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது என்பதே இதன் பொருள்.

வேலியைத் தாண்டியவர்கள்

ஹாலிமீடாவையே உணவாகக் கொண்ட உயிர் ஒன்றும் உண்டு. எலிசியா ஹாலிமீடே என்ற ஓடில்லாக் கடல் நத்தை, ஊசி போன்ற பல்லால் பாசியைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய நஞ்சைச் சற்றே மாற்றியமைத்துத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. தான் இடும் முட்டைத் திரளுக்குள்ளும் அதை வைத்துவிடுகிறது. மீன்களிடமிருந்து தப்பப் பாசி தயாரித்த பொருள், ஓடு இல்லாத நத்தைக்கும் அதன் முட்டைகளுக்கும் காவலாகிறது.

இதைவிட வியப்பூட்டுவது கரீபியக் கடலில் வாழும், கூனி இறாலைவிடச் சிறிய ஓர் ஓட்டுடலியின் நடத்தை. டிக்டியோட்டா என்ற பழுப்புப் பாசியின் பட்டைத் தகட்டிலிருந்து இரண்டு துண்டுகளை நறுக்கி, ஓரங்களை இணைத்துச் சிப்பி போன்ற ஒரு கூடு செய்து, அதற்குள் இருந்தபடியே அது நீந்தித் திரிகிறது. கூட்டோடு அதை வாயில் எடுக்கும் மீன் உமிழ்ந்துவிடுகிறது; கூட்டிலிருந்து பிரித்துப் போட்டால் தின்றுவிடுகிறது. மீன்கள் விரும்பும் வேறொரு பாசியில் கூடு கட்டும்படி ஆய்வாளர்கள் அவற்றைக் கட்டாயப்படுத்தியபோது, கூட்டில் இருந்தும் அவை தப்பவில்லை. காப்பது கூட்டின் சுவர் அன்று, அதில் உள்ள நஞ்சே என்பது இதனால் தெளிவாகியது.

அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில், அம்பித்தோ லாங்கிமானா என்ற மற்றோர் ஓட்டுடலி டிக்டியோட்டாவிலேயே குடியிருந்து அதையே தின்கிறது. மீன்கள் அந்தப் பாசியின் பக்கம் அதிகம் வராததால் அதற்கு வீடும் உணவும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. அதே இனம், டிக்டியோட்டா வளராத வடக்குப் பகுதியான கனெக்டிகட் கரையிலும் வாழ்கிறது. எரிக் சோட்காவும் மார்க் ஹேயும் 2002இல் இரு கரைகளின் உயிர்களையும் ஒப்பிட்டபோது, வடக்கத்தியவை டிக்டியோட்டாவைத் தென்பகுதியினவற்றைப் போல் தாங்கிக்கொள்ளவில்லை என்று கண்டனர். இனம் ஒன்றே என்றாலும், நஞ்சோடு பழகிய தலைமுறைகளுக்கே அதைத் தின்னும் திறன் வாய்த்திருக்கிறது.

செலவுக் கணக்கு

தடைப்பொருள் இலவசம் அன்று. அதற்குச் செல்லும் கரிமமும் ஆற்றலும் வளர்ச்சிக்குப் போயிருக்கக்கூடியவை. தேவைப்படும்போது மட்டும் உற்பத்தியைக் கூட்டுவது ஒரு சிக்கன வழி. சுவீடன் கரையில் வளரும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியை ஒரு சிறு நத்தை கொறிக்கும்போது அதன் ஃபுளோரோடானின் அளவு உயர்கிறது. கத்தரியால் வெட்டினால் உயர்வதில்லை. குனில்லா டோத்தும் ஹென்ரிக் பாவியாவும் 2000ஆம் ஆண்டில் காட்டியது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: நத்தைகள் கொறித்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கடந்து வரும் நீர் பட்டாலே, காயப்படாத பாசியும் தன் நஞ்சைக் கூட்டத் தொடங்குகிறது.

இது ஒரு பாசியின் வாழ்நாளுக்குள் நடக்கும் சிக்கனம். பல இலட்சம் ஆண்டுகள் மேய்ச்சல் குறைவாகவே இருந்த ஒரு கடற்பகுதியில், நஞ்சைச் சுமப்பதையே பாசிகள் கைவிட்டிருக்குமா? இதைச் சோதிக்க இரண்டு பெருங்கடல் பகுதிகளை ஒப்பிட வேண்டியிருந்தது.

நீர்நாய் உள்ள கடல், நீர்நாய் இல்லாத கடல்

வட பசிபிக்கின் குளிர்க் கரைகளில் கெல்ப் எனப்படும் பெரும் பழுப்புப் பாசிகள் காடுபோல் வளர்கின்றன. அங்கு வாழும் கடல் நீர்நாயின் முதன்மை உணவுகளில் ஒன்று கடல் முள்ளெலி. முள்ளெலியின் உணவு கெல்ப். மென்மயிர்த் தோலுக்காக 1741இல் தொடங்கிய வேட்டை, 1911ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை வரும்வரை நீடித்ததில், நீர்நாய்கள் ஏறத்தாழ அழியும் நிலைக்கு வந்தன. எங்கோ சில இடங்களில் எஞ்சியவை மெல்லப் பெருகின. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் எஸ்டஸும் ஜான் பால்மிசானோவும் 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீர்நாய் திரும்பியிருந்த தீவுகளைச் சுற்றிக் கெல்ப் காடுகளும், திரும்பாத தீவுகளைச் சுற்றி முள்ளெலிகள் மொய்த்த வெறும் பாறையும் இருந்தன.

தெற்கே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளிலும் பழுப்புப் பாசிக் காடுகள் உண்டு. ஆனால் முள்ளெலிகளை இந்த அளவுக்கு அடக்கி வைக்கும் நீர்நாய் போன்ற வேட்டையுயிர் அங்கே இல்லை. பீட்டர் ஸ்டைன்பெர்க், எஸ்டஸ், ஃபிராங்க் வின்டர் ஆகிய மூவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. நீர்நாய் காக்கும் வட பசிபிக் இடங்களில் பாசித் திசுவில் நாளொன்றுக்கு 0 முதல் 2 விழுக்காடு மட்டுமே மேயப்பட்டது; தெற்கில் 5 முதல் 7 விழுக்காடு; நீர்நாய் இல்லாத வட பசிபிக் இடம் ஒன்றில் 80 விழுக்காடு. தெற்கத்திய பாசிகளில் ஃபுளோரோடானின் அளவு, வடக்கின் ஒத்த பாசிகளில் இருப்பதைப் போல் சராசரியாக 5 முதல் 6 மடங்கு இருந்தது. தெற்கின் மேய்ச்சல் உயிர்களோ அந்த நஞ்சைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. வடக்கின் மேய்ச்சல் உயிர்கள் எந்தக் கடலின் ஃபுளோரோடானினைக் கண்டாலும் பின்வாங்கின.

இந்த எண்களை ஒருசேரப் படிக்கும்போதுதான் 80 விழுக்காடு என்பதன் காரணம் புலப்படுகிறது. நீர்நாயின் காவலில் நெடுங்காலம் இருந்த வடக்கத்திய கெல்ப், நஞ்சுக்குச் செலவிடாமல் வளர்ச்சிக்குச் செலவிட்டது. காவலர் நீங்கியபோது அதனிடம் வேறு தற்காப்பு இல்லை. தெற்கத்திய பாசிகளும் அவற்றை மேய்பவையும், இடையில் நின்று விலக்கிவிட எவரும் இல்லாததால், நஞ்சைக் கூட்டுவதும் அதைத் தாங்கப் பழகுவதுமாகப் போட்டியிட்டு வந்திருக்கின்றன. பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவின் பேருருவ உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு, பல்லில்லாத வாயால் கெல்ப்பையே தின்று வடக்கில் வாழ முடிந்ததற்கும் அங்குள்ள பாசிகளின் குறைந்த துவர்ப்பு உதவியிருக்கலாம் என்று இதே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த விலங்கு 1768இல் முற்றாக அழிந்துவிட்டதால், இக்கருத்தை நேரடியாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

இந்த விளக்கத்துக்கு எதிர்ப்புகளும் உண்டு. ஃபுளோரோடானின்கள் புறஊதாக் கதிரிலிருந்து காப்பதிலும் உயிரணுச் சுவரைக் கட்டுவதிலும் பங்கேற்கின்றன. அவற்றின் அளவு ஒளியையும் நீரிலுள்ள நைட்ரஜனையும் பொறுத்து மாறுகிறது. எனவே ஒரு பாசியில் அவை மிகுந்திருப்பதை மட்டும் வைத்து மேய்ச்சலே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வெயிலும் நைட்ரஜனும் பாசியின் சரக்கை விளக்கலாமே தவிர, அதை மேய்பவற்றின் தாங்குதிறன் இரு கடல்களிலும் ஏன் வேறுபடுகிறது என்பதை விளக்க மாட்டா. 1995ஆம் ஆண்டு ஆய்வின் வலிமை, பாசியை மட்டும் அளக்காமல் அதைத் தின்பவற்றையும் இரு கடல்களின் ஃபுளோரோடானின்களைக் கொண்டு சோதித்ததில் இருக்கிறது.

அலூஷியன் தீவுகளில் 1990களில் நீர்நாய்களின் எண்ணிக்கை மீண்டும் வேகமாகச் சரிந்தது. கொலைத் திமிங்கிலங்கள் அவற்றை வேட்டையாடத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்று எஸ்டஸும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் எழுதினர். சில ஆண்டுகளுக்குள் முள்ளெலிகள் பெருகின. கெல்ப் காடுகள் மறுபடியும் வெறும் பாறையாயின. நஞ்சு குறைந்த பாசி நஞ்சு மிகுந்த பாசியாக மாற எண்ணற்ற தலைமுறைகள் தேவைப்படுகின்றன. முள்ளெலிக் கூட்டம் ஒரு காட்டை மேய்ந்து முடிக்கச் சில பருவங்கள் போதும்.